டிஸ்சார்ஜ் அட்டையில் இன்னொரு தேதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் நாளிதழில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். எந்த உலோகம், எத்தனை மணி நேரம், ரோபோ வைத்துச் செய்தால் எவ்வளவு துல்லியம் என்று எல்லாம் விவரமாக இருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, ‘அதன்பின் பிசியோதெரபி பயிற்சிகள் மேற்கொள்ள வேண்டும்’ என்று கடைசியில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 70 வயது. அம்பாசமுத்திரம் வட்டத்தில் ஒரு கிராமம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் இரண்டு முழங்காலும் மாற்றப்பட்டவை. இடது கால் 2018 பிப்ரவரியில், வலது கால் 2023 ஜூலையில். இடது கால் இன்றைக்கும் 70 டிகிரிக்கு மேல் மடங்காது. வலது கால் 115 வரை மடங்குகிறது. இரண்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், “ரெண்டு மூட்டும் சரியா பொருந்தியிருக்கும்மா, ஒரு குறையும் இல்லை” என்றார். நானும் அதை நம்புகிறேன். ஆபரேஷன் செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. இரண்டு காலுக்கும் வித்தியாசம் வந்தது ஆபரேஷன் முடிந்த பிறகு வந்த ஆறு வாரத்தில்.

முதலில் இடது காலைச் சொல்கிறேன். வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அந்தச் சமயம் மூட்டின் விலை குறைந்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். உண்மைதான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது. அதனால்தான் எங்களுக்கும் துணிச்சல் வந்தது. இருந்தாலும் அறை, டாக்டர், மருந்து எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஓய்வு பெறும்போது வந்த பணமும் ஒரு ஜோடி வளையலும் போனது. பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். மூட்டுக்கு ஒரு வரி, சிமெண்டுக்கு ஒரு வரி, பஞ்சுக்கும் கையுறைக்கும்கூட ஒரு வரி. பயிற்சி என்று ஒரு வரி அதில் இல்லை.

ஐந்து நாள் இருந்தேன். இரண்டாம் நாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள், வராண்டாவில் நடக்க வைத்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். படம் போட்ட பயிற்சித் தாள்தான், ஆனால் ஆங்கிலத்தில். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து, படத்தில் இருப்பது காலா கையா என்றுகூடத் தெரியாத அளவுக்கு மங்கியிருந்தது. “வீட்டுல நல்லா நடங்க, பதினாலாம் நாள் தையல் பிரிக்க வாங்க” என்றார்கள். அவ்வளவுதான்.

வீட்டில் வந்து படுத்ததும் பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாரும் ஒரே பாட்டு. “மதினி, காலை ஆட்டாதீங்க, உள்ளே வச்சது நகர்ந்துரும்.” வலியோ உயிர் போகிற வலி. முட்டிக்குக் கீழே ஒரு தலையணையை மடித்து வைத்தால் கொஞ்சம் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்திலேயே ஆறு வாரம் போனது. நடந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. படுக்கையில் இருந்து கழிவறை வரை, அங்கிருந்து தார்சா வரை. நடந்தால் போதும் என்று நினைத்தேன். மடக்கிப் பார்க்கவும் நீட்டிப் பார்க்கவும் யாரும் இல்லை, எனக்கும் தெரியவில்லை.

தலையணை மேல் மடங்கியபடியே கிடந்த கால் அப்படியே நின்றுவிட்டது. முழுசாக நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. நான்காவது மாதம் போய்க் காட்டியபோது டாக்டர் முகம் வாடியது. “மயக்கம் கொடுத்து மடக்கி விடலாம், ஆனா அதை முதல் மூணு மாசத்துக்குள்ள செஞ்சிருக்கணும்மா” என்றார். மூன்று மாதத்துக்குள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தையல் பிரித்த அன்றைக்கு ஒருவர் என் முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து பார்த்திருந்தால், ஆறாவது வாரம் இன்னொரு முறை அளந்திருந்தால், அந்தக் கால் இன்றைக்கு இப்படி இருந்திருக்காது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வலி போய்விட்டதே, அதற்கு மேல் என்ன என்று கேட்கலாம். 70 டிகிரி மடங்குகிற காலை வைத்துக்கொண்டு சமதரையில் நடக்கலாம். டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஏற முடியாது. என் பேத்தியின் காதுகுத்துக்குப் போக முடியாமல் பஸ் ஸ்டாப்பில் இருந்து திரும்பி வந்திருக்கிறேன். கண்டக்டர் தம்பி இறங்கி வந்து தூக்கிவிடுகிறேன் என்றார், எனக்குத்தான் மனசு வரவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்து இடுப்பு வலி வந்தது. எங்கள் வீட்டில் இருந்து தாமிரபரணி படித்துறை இருநூறு அடி தூரம். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து ஆற்றில் குளித்தவள், ஐந்து வருஷம் மேல் படியில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இடது காலுக்கு ஆனதைப் பார்த்துப் பயந்துபோய் வலது முட்டியை ஐந்து வருஷம் தள்ளிப்போட்டேன். கடைசியில் இரவில் தூங்க முடியாமல் ஆனதும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் செய்துகொண்டேன். சர்க்கரை அதிகமாக இருக்கிறது, குறைத்துக்கொண்டு வா என்று ஒரு மாதம் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு மாதத்தைத்தான் நான் பாக்கியம் என்று சொல்வேன். ஏனென்றால் அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட், என் மகள் வயதுகூட இருக்காது, ஆபரேஷனுக்கு முன்னாலேயே என்னை உட்கார வைத்துப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். முதலில் கேட்டது, “அம்மா, இந்தக் கால் சரியானா உங்களுக்கு என்ன செய்யணும்?” எனக்குச் சட்டென்று வந்த பதில், “ஆத்துப் படியில இறங்கணும்.” அதை அப்படியே அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் சொன்ன ஒரு விஷயம் இதைப் படிப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. முட்டியைத் திறந்து மூடினால் உள்ளே வீங்கும். வீங்கிய முட்டியைக் காப்பாற்றுவதற்காக நம் நரம்பே தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும். முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடும். வருஷக்கணக்கில் வலியால் ஏற்கெனவே மெலிந்த தசை அது. சும்மா நடப்பதால் மட்டும் அது திரும்பி வராது, அதற்கென்று தனியாக வேலை கொடுத்தால்தான் வரும்.

அதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, படுத்தபடியே காலை நீட்டி ஒரு சாண் தூக்கச் சொன்னார். மனசுக்குள் தூக்குகிறேன், பல்லைக் கடித்துத் தூக்குகிறேன், கால் அசையவில்லை. அது என் கால்தானா என்று பயம் வந்துவிட்டது. “பரவாயில்லம்மா, முட்டியை மெத்தையில அழுத்துங்க, பத்து எண்ணுங்க, விடுங்க” என்றார். குதிகாலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். முட்டிக்குக் கீழே இல்லை, குதிகாலுக்குக் கீழே. அந்தத் துண்டைப் பார்த்தபோதுதான் இடது காலுக்கு நான் வைத்த தலையணை எனக்கு ஞாபகம் வந்தது. அன்று மத்தியானமே வாக்கரோடு நின்றேன். நான்காம் நாள், கால் மெத்தையை விட்டு நான்கு விரல்கடை எழுந்தது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இந்த முறை கையில் தமிழில் எழுதிய தாள் இருந்தது. மணிக்கு ஒரு முறை பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், வலி வந்த பிறகு இல்லை. பயிற்சி முடிந்ததும் பதினைந்து நிமிஷம் ஐஸ். பால் பாக்கெட் கவரில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்து, துண்டில் சுற்றி முட்டியின் இரண்டு பக்கமும் வைப்போம்.

மடக்கும் பயிற்சிக்கு எங்கள் வீட்டில் ஒரு வழி செய்தோம். தார்சாவில் சிவப்புச் சிமெண்ட் தரை. அதில் ஒரு மர நாற்காலியை அசையாமல் போட்டு, அதன் கால் நான்கையும் சுற்றிச் சாக்பீஸால் அடையாளம் வைத்தாள் என் பேத்தி. நான் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்து, மெதுவாக நாற்காலிக்கு அடியில் பின்னால் இழுப்பேன். வலி தாங்கும் வரை போய் அங்கேயே பத்து எண்ணுவேன். கால் பெருவிரல் நின்ற இடத்தில் அவள் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை இழுப்பேன், மாலையில் மட்டும் கோடு. சில நாள் முந்தைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் நடுவில் ஒரு நெல் மணி அளவுதான் இடைவெளி இருக்கும். ஒன்பதாம் நாள் கோடு முன்னால் வந்துவிட்டது. முட்டி வீங்கிவிட்டது, மடங்கவே இல்லை. அன்று நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஐஸை எடுத்துவந்து வைத்தார். மூன்று நாள் கழித்துக் கோடு பழையபடி பின்னால் போனது. வீங்கிய நாளில் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஆனால் நிறுத்தக் கூடாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வீடு துடைக்க வந்த பெண்ணிடம் அந்தக் கோடுகளை மட்டும் அழிக்கக் கூடாது என்று பேத்தி சண்டையே போட்டாள்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த முறையும் வீட்டுக்கு வந்த பிறகு யார் வந்து பார்ப்பார்கள் என்பது எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. மருத்துவமனைக்கே பயிற்சிக்கு வரச் சொன்னார்கள், சரிதான். ஆனால் ஆபரேஷன் செய்த காலோடு ஒன்றரை மணி நேரம் கார் பிடித்துப் போய் வர ஆகும் செலவை வாரம் மூன்று முறை யார் தாங்குவார்கள்? எனக்கு உதவி வந்தது தற்செயலாக. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைத்தார்களே, மக்களைத் தேடி மருத்துவம், அந்தத் திட்டத்தில் எனக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் பெண் ஒருத்தி உண்டு. அவள் மாத்திரை கொடுக்க வந்தவள், வாக்கரைப் பார்த்துவிட்டு, “ஆச்சி, இதுக்கும் வீட்டுக்கு ஆள் வருவாங்க, தெரியாதா?” என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொண்டு போனாள். அடுத்த வாரமே பிசியோதெரபிஸ்ட் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். இரண்டு மாதத்தில் ஆறு முறை வந்தார். எங்கள் வட்டாரம் முழுமைக்கும் அவர் ஒருவர்தான். பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்கள், வயசாளிகள் என்று ஊர் ஊராகப் போக வேண்டும். அப்படியும் வந்தார்.

அவர் வந்து செய்தது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் கோணமானியை முட்டியின் பக்கவாட்டில் வைத்து அளந்தார். 82. “இன்னும் பத்து நாள்ல 90 தாண்டணும்மா” என்று தாளில் எழுதினார். நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார். படி ஏறுவதற்கு, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில் என்று எல்லாருக்கும் சொல்வது வழக்கமாம். என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். என் நல்ல கால் எது? மடங்காத இடது காலா, வடு இன்னும் ஆறாத வலது காலா? எங்கள் வீட்டு வாசல் படியிலேயே இரண்டு விதமாகவும் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்து, எனக்கென்று ஒரு முறை வகுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்ததால்தான் இது முடிந்தது. எங்கள் வீட்டுப் படி எத்தனை உயரம் என்று எந்தத் தாளுக்குத் தெரியும்?

ஆறாம் வாரம் 108. நீட்டினால் முழுசாக நீண்டது. இடது காலையும் விடவில்லை அவர். இனி அது கூடுதலாக மடங்காது, ஆனால் தொடையில் பலம் ஏற்றலாம் என்று அதற்கும் பயிற்சி கொடுத்தார். இப்போது அந்தக் காலை இழுத்து நடப்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. ஐந்து வருஷம் பழைய காலுக்கே இவ்வளவு செய்ய முடிந்தது.

அந்த வருஷம் தை அமாவாசைக்கு என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் இறங்கினேன். பதினொரு படி. முட்டளவு தண்ணீரில் நின்றேன். இரண்டு முட்டியும் தண்ணீருக்குள் இருந்தன.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டேன். தரையில் சம்மணம் போட்டு உட்காருவதில்லை. பந்தியில் உட்காருவதில்லை. கழிவறையை மேல்நாட்டு முறைக்கு மாற்றினோம். கோலத்தைப் பேத்தி போடுகிறாள். வடுவுக்கு வெளிப்பக்கம் ஓர் உள்ளங்கை அளவுக்கு இன்னமும் மரத்துத்தான் இருக்கிறது. நடக்கும்போது ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் வரும். முட்டி பல மாதம் வரை தொட்டால் சூடாக இருந்தது. இவையெல்லாம் பலருக்கும் இருப்பவைதான், பயப்பட வேண்டாம் என்று யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் எத்தனையோ ராத்திரித் தூக்கம் மிஞ்சும். அதே சமயம் வடுவில் நீர் கசிந்தாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூட்டு எத்தனை வருஷம் உழைக்கும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பல நாட்டுப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வந்த ஆய்வில், முழங்கால் மூட்டை முழுசாக மாற்றியவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு 25 வருஷம் கழித்தும் அதே மூட்டு இருந்தது என்று கண்டார்கள். ஆக மூட்டு உழைக்கும். ஆனால் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத் திருப்தி இல்லை என்கிறார்கள் என்றும் வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஐந்தில் ஒருத்தியாக ஐந்து வருஷம் இருந்தவள் நான். எல்லாருக்கும் காரணம் பயிற்சி இல்லாததுதான் என்று சொல்ல மாட்டேன். என் இடது காலுக்குக் காரணம் அதுதான்.

ஆகவே அரசுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது இதுதான். டிஸ்சார்ஜ் அட்டையில் தையல் பிரிக்கும் தேதி எழுதுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் பயிற்சிக்கான தேதியையும், எங்கே, யாரிடம் என்பதையும் எழுதுங்கள். இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று அளந்து அதே அட்டையில் குறியுங்கள். மடங்காதவர்களை, நேரம் கடந்துபோவதற்கு முன்னால், நீங்களே கூப்பிடுங்கள். மூட்டு மாற்றியவர் பெயரை அவர் ஊர் எந்த வட்டாரமோ அந்த வட்டாரத்து மக்களைத் தேடி மருத்துவக் குழுவுக்கு ஆஸ்பத்திரியே அனுப்பிவைக்கட்டும். மாத்திரை கொண்டுவரும் பெண் கண்ணில் வாக்கர் பட்டால்தான் உதவி என்ற நிலை வேண்டாம். ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் போதாது, அதையும் கூட்டுங்கள். தனியார் ஆஸ்பத்திரியின் பில்லில் மூட்டுக்கு ஒரு வரி இருப்பது போல ஆறு வாரப் பயிற்சிக்கும் ஒரு வரி இருக்கட்டும். மூட்டின் விலைக்கு உச்சவரம்பு போட்ட அரசால் இதையும் செய்ய முடியும்.

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு அக்காவுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். இப்போதே தினம் சாயங்காலம் போய் அவர்களைத் தொடையை இறுக்கிப் பத்து எண்ண வைக்கிறேன். அவர்கள் வீட்டுத் தரை வழவழப்பான டைல்ஸ், சாக்பீஸ் கோடு நிற்கவில்லை. நேற்று என் பேத்தி கடைக்குப் போய் நிறமுள்ள ஒட்டு டேப் ஒரு சுருள் வாங்கி வந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்